அரசு வலைத்தளங்களில் தகவல்களை வகைப்படுத்துதல்

அரசின் செயற்பாடு பெரும்பாலும் எழுத்தின் வழியே நிகழ்வது. சட்டம், விதி, அறிவிக்கை, சுற்றறிக்கை, ஒப்பந்தப்புள்ளி, ஆட்சேர்ப்பு விளம்பரம், மானியத் திட்டம், விண்ணப்பப் படிவம், ஆண்டறிக்கை என நாள்தோறும் ஒவ்வோர் அலுவலகத்திலிருந்தும் பல்வேறு தன்மையுடைய எழுத்துகள் வெளிவருகின்றன. இன்று இவற்றுள் பெரும்பகுதி வலைத்தளங்களில் இடம்பெறுகின்றது. ஆனால் ஒரு தகவல் தளத்தில் இடம்பெறுவது வேறு. அது தேவைப்படுவோரின் கைக்கு எட்டுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைத் தளத்தின் வண்ணமும் தோற்றமும் குறைத்துவிடுவதில்லை. உள்ளே இருப்பவை எந்த அடிப்படையில் பிரித்து வைக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தே அத்தொலைவு கூடுகிறது அல்லது குறைகிறது. அந்த அடிப்படையைப் பற்றியும், அதனை நிறைவேற்றித் தரும் உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளைப் பற்றியும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அரசிதழ் காட்டும் வழி

வகைப்படுத்துதல் கணிப்பொறியோடு வந்த புதுமை அன்று. இந்திய அரசிதழைப் புரட்டிப் பார்த்தவர்கள் இதனை அறிவர். பாதுகாப்பு அமைச்சகத்துக்குரிய சில பிரிவுகள் நீங்கலாக, அரசிதழ் அமைச்சகவாரியாகப் பிரிக்கப்படுவதில்லை. சட்டத்தின் வழி பிறவாத விதிகள், தீர்மானங்கள், அலுவலர் நியமனங்கள் ஆகியவை முதற் பகுதியில் வருகின்றன. இரண்டாம் பகுதியின் முதற் பிரிவில் சட்டங்களும் அவசரச் சட்டங்களும், இரண்டாம் பிரிவில் மசோதாக்களும் அவற்றின் மீதான தெரிவுக்குழு அறிக்கைகளும், மூன்றாம் பிரிவில் சட்டத்தின்படி அமைச்சகங்கள் இயற்றும் விதிகளும் ஆணைகளும் இடம்பெறுகின்றன. தனியாரின் விளம்பரங்களுக்கு நான்காம் பகுதி.

இப்பிரிவினைக்குத் தக்க காரணம் உண்டு. ஒரு மசோதாவும் அதிலிருந்து பிறந்த சட்டமும் ஒரே பொருளைப் பற்றியவை. பல இடங்களில் ஒரே சொற்களால் ஆனவை. ஆயினும் முன்னது நாடாளுமன்றத்தின் பரிசீலனையில் உள்ள முன்மொழிவு. பின்னது குடிமக்களைக் கட்டுப்படுத்தும் ஆணை. இரண்டையும் ‘தொழிலாளர் நலம்’ என்னும் ஒரே தலைப்பின் கீழ் அருகருகே வைத்து, எது எதுவென்று சொல்லாமல் விட்டால், படிப்பவர் தவறான முடிவுக்கு வருவது இயல்பு. எழுத்தின் தன்மையே அதன் அதிகாரத்தையும் ஆயுளையும் நிர்ணயிக்கிறது. 2015 அக்டோபர் 1 முதல் அரசிதழ் அச்சில் வெளிவருவது நின்று மின்வடிவில் மட்டும் வெளியிடப்பட்டு வருகிறது. தாள் மறைந்தபோதும் பகுதி, பிரிவு என்னும் அமைப்பு மறையவில்லை.

பக்கத்திலிருந்து பதிவுக்கு

தேசியத் தகவலியல் மையம் 1976-இல் நிறுவப்பட்டது. வலைத்தளங்கள் அரசுத் துறைகளுக்கு வந்து சேர்ந்தது அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே. அத்தொடக்க காலத் தளங்களின் அடிப்படை அலகு ‘பக்கம்’ ஆகும். ஒவ்வொரு பக்கமும் ஒரு தனிக் கோப்பு. துறை அறிமுகம் ஒரு பக்கம், திட்டங்கள் ஒரு பக்கம், ஒப்பந்தப்புள்ளிகள் ஒரு பக்கம் எனத் தொழில்நுட்பப் பணியாளர் கையால் எழுதி வைப்பார். புதிய ஒப்பந்தப்புள்ளி வந்தால் அப்பக்கத்தைத் திறந்து மேலே ஒரு வரி சேர்ப்பார். அலுவலக வாயிலிலுள்ள அறிவிப்புப் பலகையின் மறுபதிப்பு அது. பலகையில் இடம் போதாதபோது பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவர். வலைத்தளத்தில் அந்த நெருக்கடியும் இல்லாததால் பழையவை அப்படியே தங்கின. ‘புதியது’ என்று கண்சிமிட்டும் சின்னம் பல ஆண்டுகள் கடந்த விளம்பரத்தின் அருகே சிமிட்டிக்கொண்டிருப்பதைக் காணாதவர் அரிது.

இதில் மறைந்திருக்கும் குறை என்ன? பக்கத்தில் ‘கடைசி நாள் 15 மார்ச்சு’ என்று எழுதப்பட்டிருப்பதை மனிதர் படித்துப் புரிந்துகொள்வார். கணிப்பொறிக்கோ அது எழுத்துகளின் வரிசை மட்டுமே. அது ஒரு நாள் என்பதும், அந்நாள் கடந்துவிட்டது என்பதும் அதற்குத் தெரியாது. ஆகையால் அது தானாக எதனையும் செய்ய இயலாது.

இதனால் ஏற்படும் இழப்பு எத்தகையது என்பதை ஓர் உண்மையான திட்டத்தைக் கொண்டு காண்போம். தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்டு 15-இல் தொடங்கப்பெற்றது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் வாழும் கைம்பெண்களுக்கான இந்திரா காந்தி தேசிய ஓய்வூதியத் திட்டம் 2009-இல் இதனுடன் சேர்ந்தது. அப்போது வயது வரம்பு 40 முதல் 64 வரை. மத்திய அரசின் உதவி மாதம் 200 ரூபாய். 2011-இல் முதியோர் ஓய்வூதியத்துக்கான வயது 65-இலிருந்து 60-ஆகக் குறைக்கப்பட்டது. அதனை ஒட்டிக் கைம்பெண் ஓய்வூதியத்தின் மேல்வரம்பு 59 ஆயிற்று. 2012 அக்டோபரிலிருந்து அவ்வரம்பு 79-ஆக உயர்த்தப்பட்டு, உதவித்தொகையும் 300 ரூபாயாக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குள் ஒரே திட்டத்துக்கு மூன்று மேல்வரம்புகள்!

இத்திட்டத்தைப் பற்றிய விவரம் மத்திய அமைச்சகத்தின் தளம், மாநிலத் துறையின் தளம், மாவட்டத் தளம் எனப் பல இடங்களில் இருக்க வேண்டியது. ஒவ்வோரிடத்திலும் அது தனித்தனியே தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், ஒவ்வொரு மாற்றத்தையும் ஒவ்வோரிடத்திலும் கையால் திருத்தியாக வேண்டும். ஓரிடம் விடுபட்டால் போதும். 62 வயதுடைய கைம்பெண் ஒருவருக்காகப் பொதுச் சேவை மையத்தில் ஒருவர் அப்பழைய பக்கத்தைப் படித்துச் சொல்கிறார் என்று கொள்வோம். பெரும்பாலும் பயனாளி தாமே படிப்பதில்லை; அவருக்காக மற்றொருவர் படிப்பதே வழக்கம். 59 என்ற வரம்பைக் கண்டு, இவர் முதியோர் ஓய்வூதியத்துக்கே உரியவர் என்று அவர் கூறுவார். 2012-இன் மாற்றத்துக்குப் பின் 60 முதல் 79 வயது வரையிலான முதியோருக்கு மத்திய உதவி 200 ரூபாய். அதே வயதுக் கைம்பெண்ணுக்கு 300 ரூபாய். மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்த்து வழங்குவதால் கையில் கிடைக்கும் தொகை இடத்துக்கு இடம் மாறும் என்பது உண்மையே. எனினும் திருத்தப்படாத ஒரு வரி, வறிய குடும்பமொன்றின் மாத வருவாயைத் தொடக்கூடியது என்பதில் ஐயமில்லை.

உள்ளடக்க வகை என்பது யாது?

உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பது தகவலையும் அதன் தோற்றத்தையும் பிரித்துக் கையாளும் மென்பொருள். தகவல் தரவுத்தளத்தில் பதிவுகளாகச் சேமிக்கப்படுகிறது. அதனை எவ்வாறு காட்டுவது என்பதை வார்ப்புரு எனப்படும் தனி ஏற்பாடு கவனித்துக்கொள்கிறது. தகவலை உள்ளிடும் அலுவலர் கணிப்பொறி மொழி எதனையும் அறிந்திருக்க வேண்டுவதில்லை. படிவம் ஒன்றை நிரப்பத் தெரிந்தால் போதும். 2001-இல் வெளிவந்த ட்ரூப்பல், 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் ஆகியவை இவ்வகையில் பரவலாகப் பயன்படும் திறந்த மூல மென்பொருள்கள். 2012-இல் இந்திய அரசு தொடங்கிய திறந்த அரசுத் தரவுத் தளம் ட்ரூப்பலின் அடிப்படையில் உருவானது.

‘உள்ளடக்க வகை’ என்னும் கருத்தைப் புரிந்துகொள்ள அலுவலகப் பதிவேடு ஒன்றை நினைத்துக்கொள்வது நல்லது. பிறப்புப் பதிவேட்டில் பிறந்த நாள், இடம், குழந்தையின் பால், பெற்றோர் பெயர் எனக் கட்டங்கள் அமைந்துள்ளன. தபால் வரவுப் பதிவேட்டின் கட்டங்கள் வேறு. எந்தப் பதிவேட்டை எடுக்கிறோமோ அதற்கேற்ற கட்டங்களை நிரப்புகிறோம். எவரும் பிறப்பைத் தபால் பதிவேட்டில் எழுதுவதில்லை. மேலாண்மை அமைப்பில் உள்ளடக்க வகை என்பது இத்தகைய பதிவேடு. அதன் கட்டங்களைக் கணிப்பொறியாளர் ‘புலங்கள்’ என்பர். ஒவ்வொரு புலமும் இன்ன தன்மையுடையது என்பது முன்கூட்டியே வரையறுக்கப்படும். இப்புலத்தில் நாள் மட்டுமே வரலாம், இதில் எண் மட்டுமே வரலாம், இதில் முன்னரே உள்ள மற்றொரு பதிவைச் சுட்ட மட்டுமே இயலும் என்று விதிக்கலாம். இன்ன புலம் காலியாக இருந்தால் வெளியிடக் கூடாது என்றும் தடுக்கலாம்.

‘நலத்திட்டம்’ என்னும் வகையை வடிவமைப்பதாகக் கொள்வோம். திட்டத்தின் முழுப்பெயர், நோக்கம், யாருக்கானது, கீழ் வயது, மேல் வயது, வருமானத் தகுதி, உதவித்தொகை, தேவையான சான்றுகள், நடைமுறைக்கு வந்த நாள், முடிவுறும் நாள், கடைசியாகத் திருத்திய நாள், திருத்தத்துக்கு ஆதாரமான ஆணையின் எண் ஆகியவை அதன் புலங்களாகும். விண்ணப்பப் படிவத்தை இதனுள் எழுதுவதில்லை. படிவம் தனி வகை; திட்டத்திலிருந்து அதற்கு ஒரு சுட்டு மட்டும் தரப்படும். விண்ணப்பத்தைப் பெறும் அலுவலகமும் அவ்வாறே. அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறினால் அலுவலகப் பதிவில் முகவரியை ஒருமுறை திருத்தினால் போதும்; அதனைச் சுட்டும் ஐம்பது திட்டங்களிலும் புதிய முகவரி தோன்றும்.

மேற்கண்ட ஓய்வூதியத்தின் மேல் வயது இப்போது தனிப் புலத்தில் நிற்கும் ஓர் எண். 59 என்பதை 79 என்று ஒருமுறை மாற்றினால், அத்தளத்தில் அத்திட்டம் தோன்றும் இடங்கள் எல்லாவற்றிலும் அது மாறிவிடும். அதற்கும் மேலாக, இதுவரை இயலாத கேள்விக்கு விடை கிடைக்கிறது. ‘62 வயதுடைய பெண்ணுக்கு உரிய திட்டங்கள் எவை?’ என்று கேட்டால், எண்களை ஒப்பிட்டுக் கணிப்பொறி பட்டியல் தரும். பத்தி பத்தியாக எழுதப்பட்ட பக்கங்கள் ஆயிரம் இருந்தாலும் இக்கேள்விக்கு அவை நம்பத்தக்க விடை அளிக்கமாட்டா.

வகை வேறு, பொருள் வேறு

இத்துறையில் புதிதாக இறங்குவோர் தடுமாறும் இடம் இது. ‘வேளாண்மை’ என்பது உள்ளடக்க வகையா? அன்று. அது பொருள். வேளாண்மையைப் பற்றிய திட்டம் இருக்கலாம், சுற்றறிக்கை இருக்கலாம், ஒப்பந்தப்புள்ளியும் இருக்கலாம்.

நூலக அறிவியல் இவ்வேறுபாட்டை நெடுங்காலமாக அறிந்தது. டியூயியின் தசாம்ச முறையில் எந்தப் பொருளோடும் அகராதி, பருவ இதழ் முதலிய வடிவங்களுக்கான எண்களைச் சேர்க்கலாம். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். அரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூலைப் பல முகங்களாகப் பகுத்து நோக்கியது. எதனைப் பற்றியது, எந்த இடத்தைப் பற்றியது, எக்காலத்தைப் பற்றியது என்னும் முகங்களை ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே குறித்து, பின்னர் இணைக்கும் முறை அது. இன்றைய மேலாண்மை அமைப்புகளில் ஒரே பதிவுக்குப் பொருள், இடம், பயனாளர் பிரிவு எனப் பல அடையாளச் சொற்களைச் சூட்டும் வசதியைக் காணும் நூலகர் எவரும் அதில் அரங்கநாதனின் சிந்தனைச் சாயலை உணர்வார்.

நூலகத்துக்கும் வலைத்தளத்துக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நூல் ஒன்று, அது நிற்கும் அலமாரி இடமும் ஒன்று. ஆகவே எந்த முகத்தை முதலில் வைப்பது என்பது நூலகருக்குப் பெரிய சிக்கல். வலைத்தளத்தில் ஒரு பதிவு எத்தனை பட்டியலிலும் ஒரே வேளையில் தோன்றலாம். கிணறு வெட்ட மானியம் தரும் திட்டமொன்று வேளாண்மை, நீர்ப்பாசனம், பழங்குடியினர் நலம் ஆகிய மூன்றின் கீழும் வரலாம். எனவே பொருள்கள் பலவாக இருக்கலாம். வகையோ ஒன்றாகவே இருக்க வேண்டும். ஏனெனில் அப்பதிவுக்கு எந்தெந்தப் புலங்கள் உண்டு, யார் ஒப்புதல் தரவேண்டும், எப்போது அது காலாவதியாகும் என்பனவற்றை எல்லாம் வகையே தீர்மானிக்கிறது.

வகையைக் கோப்பின் வடிவத்தோடு குழப்பிக்கொள்வது அதனினும் பரவலான பிழை. பல தளங்களில் ‘ஆவணங்கள்’ என்றொரு பகுதி இருக்கும். திறந்து பார்த்தால் சட்டம், சுற்றறிக்கை, பணிமூப்புப் பட்டியல், ஆண்டறிக்கை, கூட்டத்தின் புகைப்படம் யாவும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவை அனைத்துக்கும் பொதுவாக இருப்பது பி.டி.எஃப் கோப்பு என்பது ஒன்றே. எல்லாம் தாளில் எழுதப்பட்டவை என்பதற்காகத் தலைமைச் செயலகத்தில் நிதிநிலை அறிக்கையையும் விடுப்பு விண்ணப்பத்தையும் ஒரே கட்டில் கட்டுவார் உண்டோ?

எத்தனை வகைகள் தேவை?

இரண்டு ஆவணங்கள் ஒரே வகையைச் சேர்ந்தவையா என்று தீர்மானிக்க மூன்று கேள்விகளைக் கேட்டால் பெரும்பாலும் தெளிவு பிறக்கும். அவை ஒரே கட்டங்களைக் கோருகின்றனவா? அவற்றின் ஆயுள் ஒரே முறையில் முடிகிறதா? அவற்றுக்கு ஒப்புதல் தருபவர் ஒருவரா? மூன்றுக்கும் விடை ‘ஆம்’ எனில் அவை ஒரே வகை. பெயர் வேறுபட்டாலும் கவலையில்லை. சுற்றறிக்கையும் அலுவலகக் குறிப்பாணையும் பெரும்பாலான தளங்களுக்கு ஒரே வகையாக இருக்கலாம். இரண்டுக்கும் எண், நாள், பொருள், வெளியிட்ட அலுவலர் என்பவையே புலங்கள். ஒப்பந்தப்புள்ளியும் ஆட்சேர்ப்பு அறிவிப்பும் மேலோட்டமாக ஒன்றுபோல் தோன்றும். இரண்டுக்கும் கடைசி நாள் உண்டு. ஆனால் முன்னதற்கு மதிப்பீட்டுத் தொகை, வைப்புத்தொகை, திறக்கும் நாள் தேவை. பின்னதற்குப் பணியிட எண்ணிக்கை, இடஒதுக்கீட்டு விவரம், வயது வரம்பு, கல்வித் தகுதி தேவை. ஆகவே இவை இரு வகைகள்.

திருத்த அறிவிப்பு பற்றித் தனியே கூற வேண்டும். ஒப்பந்தப்புள்ளி வெளியான பத்தாம் நாள், கடைசித் தேதி நீட்டிக்கப்பட்டதாகத் திருத்தம் வருகிறது. வழக்கமாக இது தனி அறிவிப்பாக, பட்டியலின் உச்சியில் ஏற்றப்படும். மூல அறிவிப்போ கீழே எங்கோ பழைய தேதியுடன் நிற்கும். அதனை மட்டும் பார்த்த சிறு ஒப்பந்ததாரர் காலம் கடந்துவிட்டது என்று ஒதுங்கிவிடுவார். இரண்டையும் பார்த்தவர் போட்டியிடுவார். போட்டியாளர் எண்ணிக்கை குறைந்தால் இழப்பு அரசுக்கும் உண்டு. திருத்தத்தை மூலப் பதிவுடன் இணைந்தே நிற்கும் துணைப் பதிவாக வடிவமைத்து, புதிய கடைசி நாள் மூலத்தின் புலத்தையே மாற்றுமாறு செய்வதுதான் முறை. பழைய நாளும் வரலாறாகத் தெரியவேண்டும். அதனை அழித்துவிட்டால் பின்னாளில் தணிக்கையில் விளக்கம் தர இயலாது. ஆட்சேர்ப்பில் தேர்வு நுழைவுச்சீட்டு, விடைக்குறிப்பு, முடிவு ஆகியவையும் இவ்வாறே மூல அறிவிப்புடன் பிணைக்கப்பட வேண்டியவை.

வகைகளைப் பெருக்கிக்கொண்டே போவதும் தீங்கு. அறுபது வகைகள் கொண்ட தளத்தில் பதிவேற்றும் எழுத்தர் எதனைத் தேர்வது என்று அறியாமல் ‘அறிவிப்பு’ என்பதையே எப்போதும் தேர்வார். இதனினும் தீயது ‘இதர’ என்னும் வகை. அலுவலகப் பீரோவின் அடித்தட்டைப் போல, வைத்தவருக்கே மீண்டும் கிடைக்காதவை அங்கே சேரும்.

மாவட்டத் தளங்கள் தரும் சான்று

மாவட்ட நிருவாகங்களுக்காகத் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘எஸ்3வாஸ்’ என்னும் பொது ஏற்பாட்டில் இம்முறையின் பயனை நேரில் காணலாம். அசாமிலுள்ள மாவட்டமாயினும் குஜராத்திலுள்ளதாயினும் தளத்தின் பகுப்பு ஏறத்தாழ ஒன்றே. அறிவிப்புகள் என்னும் பகுதியில் பொது அறிவிப்பு, ஆட்சேர்ப்பு, ஒப்பந்தப்புள்ளி எனப் பிரிவுகள். ஒவ்வொரு வரிசையிலும் தலைப்பு, விவரம், தொடக்க நாள், முடிவு நாள், கோப்பு என்னும் கட்டங்கள். சுற்றுலா இடம் ஒவ்வொன்றுக்கும் வான்வழி, இருப்புப்பாதை, சாலைவழி என்று சென்றடையும் வழிகள் தனித்தனிக் கட்டங்களில். மருத்துவமனை, வங்கி, பள்ளி முதலியவை பொதுப் பயன்பாட்டு இடங்கள் என்னும் தொகுதியில். ஒரு மாவட்டத்தின் தளத்தைப் பழகியவர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிச் சென்றாலும் அங்குள்ள தளத்தில் வழி தெரியாமல் நிற்கமாட்டார். எல்லா மாவட்டங்களும் ஒன்றுபோல் காட்சியளிக்கின்றன என்னும் குறைகூறலும் உண்டு. நிருவாகத் தகவலைப் பொறுத்தவரை ஒன்றுபோல் இருப்பதே நன்மை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. தனித்தன்மையைச் சுற்றுலாப் படங்களில் காட்டிக்கொள்ள இடமிருக்கிறது.

இதற்கான நெறிமுறை ஆதாரமும் நம்மிடம் உண்டு. இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் வெளியிடப்பட்டன. மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. சட்டம், கொள்கை, திட்டம், சேவை, படிவம், சுற்றறிக்கை, ஒப்பந்தப்புள்ளி, ஆட்சேர்ப்பு ஆகியவற்றைத் தனித்தனி உள்ளடக்கங்களாக அந்நெறிகள் கருதுகின்றன. காலம் கடந்த ஒப்பந்தப்புள்ளிகளும் ஆட்சேர்ப்பு அறிவிப்புகளும் முகப்பிலிருந்து நீக்கப்படவோ காப்பகத்துக்கு மாற்றப்படவோ வேண்டும் என்றும் கூறுகின்றன.

காலத்தின் கணக்கு

நீக்குவது, காப்பகத்துக்கு மாற்றுவது என்னும் இரண்டில் எதனைச் செய்வது? இதற்கும் வகையே விடை கூறும். மத்திய தலைமைச் செயலக அலுவலக நடைமுறைக் கையேட்டின்படி முடிந்த கோப்புகள் மூன்று பிரிவாக்கப்படுகின்றன. ‘அ’ பிரிவு நிரந்தரமாகப் பாதுகாத்து நுண்படமும் எடுக்க வேண்டியது. ‘ஆ’ பிரிவு நுண்படமின்றிப் பாதுகாக்க வேண்டியது. ‘இ’ பிரிவு குறிப்பிட்ட காலம் வரை வைத்திருந்து கழிக்க வேண்டியது. கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்தே இம்முடிவு எடுக்கப்படுகிறது. வலைத்தளத்திலும் இவ்வாறே ஒவ்வோர் உள்ளடக்க வகைக்கும் ஆயுள் விதி எழுதி வைக்கலாம். ஒப்பந்தப்புள்ளி முடிவு நாளன்று காப்பகத்துக்குச் செல்லும். ஆண்டறிக்கை என்றும் நிலைக்கும். புதியது வந்தால் பழையது கீழிறங்கும், மறையாது. மாற்றலாகிச் சென்ற அலுவலரின் தொலைபேசி எண்ணைக் காப்பகத்தில் வைக்க வேண்டியதே இல்லை. சுற்றறிக்கைக்குப் பெரும்பாலும் முடிவு நாள் கிடையாது. ‘இதனை நீக்கிய சுற்றறிக்கை’ என்னும் சுட்டுப் புலம்தான் அதன் முடிவைக் காட்டும். இப்புலம் இல்லாத காரணத்தால், நீக்கப்பட்ட சுற்றறிக்கையை மேற்கோள் காட்டி விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுவதும், பின் மேல்முறையீடு செல்வதும் நேர்கின்றன.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதனைச் சட்டக் கடமையின் எல்லைக்குள் கொண்டுவந்துள்ளது. அதன் 4-ஆம் பிரிவு, பதிவேடுகள் முறையாகப் பட்டியலிடப்பட்டு அட்டவணைப்படுத்தப்பட வேண்டும் என்கிறது. பதினேழு தலைப்புகளில் தகவலைத் தாமே முன்வந்து வெளியிட வேண்டும் என்றும் பணிக்கிறது. பல அலுவலகங்கள் இப்பதினேழையும் ஒரே நீண்ட பி.டி.எஃப் கோப்பாக ஆண்டுக்கொருமுறை ஏற்றுகின்றன. அலுவலர் விவரப் பட்டியல், மானியத் திட்டங்களின் நடைமுறை, பொதுத் தகவல் அலுவலரின் பெயர் ஆகியவை அத்தலைப்புகளுள் அடங்கும். இவை தளத்தில் முறையான வகைகளாக ஏற்கெனவே இருப்பின், சட்டம் கோரும் பக்கத்தைத் தனியே தயாரிக்க வேண்டுவதில்லை. அப்பதிவுகளிலிருந்து தேவையானவற்றை மட்டும் திரட்டிக் காட்டினால் அது எப்போதும் அன்றைய நிலையைக் காட்டும்.

மொழிபெயர்ப்பிலும் இம்முறை கைகொடுக்கிறது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. வயது, தொகை, நாள் ஆகிய புலங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஒருமுறை மாற்றினால் எல்லா மொழிகளிலும் மாறும். ஆங்கிலப் பக்கத்தில் ஒரு தொகையும் மாநில மொழிப் பக்கத்தில் வேறொரு தொகையும் இருக்கும் அவலத்துக்கு இடமிராது. மொழிபெயர்ப்பாளர் நோக்கம், விளக்கம் ஆகிய சொற்பகுதிகளில் மட்டும் தம் உழைப்பைச் செலுத்தலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

மென்பொருளை நிறுவுவது சில நாள் வேலை. பழைய பக்கங்களைப் பிரித்துப் பதிவுகளாக்குவதுதான் மாதக்கணக்கில் நீளும். இதனைத் தொழில்நுட்பப் பணி என்று கருதி ஒப்பந்த நிறுவனத்திடம் முழுவதுமாக ஒப்படைப்பது பயன் தராது. ஒரு திட்டம் நடைமுறையில் உள்ளதா, எந்த ஆணை எதனை நீக்கியது என்பன பிரிவு எழுத்தருக்கும் கண்காணிப்பாளருக்கும் தெரிந்தவை. நிரலாளருக்குத் தெரிந்தவை அல்ல. மேற்சொன்ன வழிகாட்டு நெறிகள் ஒவ்வொரு துறையிலும் வலைத் தகவல் மேலாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று கூறுவதும், உள்ளடக்கத்தை அளிப்பவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர் ஆகியோரின் பொறுப்பைப் பிரித்துக் காட்டும் கொள்கையை வகுக்கச் சொல்வதும் இதனாலேயே.

முதல் வேலை, இருப்பவற்றைக் கணக்கெடுப்பது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரிசை ஒதுக்கி, அது என்ன வகை, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, எந்த நாள் வரை செல்லும், எந்தப் பிரிவு பொறுப்பு என்று எழுதினால் போதும். இதற்குக் கணிப்பொறி அறிவுகூடத் தேவையில்லை, கோடிட்ட தாள் போதும். இப்பட்டியலைத் தயாரிக்கும்போதே பக்கங்களில் ஒரு பகுதி தேவையற்றவை என்பது வெளிப்படும். அடுத்து, மிகுதியாகப் பார்க்கப்படும் மூன்று அல்லது நான்கு வகைகளை மட்டும் எடுத்துப் புலங்களை வரையறுக்கலாம். நலத்திட்டம், படிவம், ஒப்பந்தப்புள்ளி, அலுவலகம் ஆகியவை பெரும்பாலான துறைகளுக்குப் பொருந்தும். எல்லா வகைகளையும் ஒரே நாளில் வரையறுக்க முனைந்த திட்டங்கள் குழுக் கூட்டங்களிலேயே காலத்தைக் கழிக்கின்றன. கணக்கெடுப்பில் ‘பொறுப்புப் பிரிவு’ என்னும் கட்டம் காலியாக நிற்கும் வரிசைகளை முதலில் தனியே எடுத்துக்கொள்வது நன்று. யாருக்கும் உரிமையில்லாத அப்பக்கங்களைத் திருத்த ஒருவரும் இல்லை. அவற்றைப் படித்து நம்பிச் செயற்படுவோர் மட்டும் இருக்கின்றனர்.